குடிசன் பார்க் கடைசி டெர்பி 2-2: கோட்டை விட்டதா, பிடுங்கி எடுத்ததா?

தாம்வே சிவப்பு

பார்க்காதவங்களுக்காக முதல்ல கணக்கு. டெர்பின்னா ஒரே ஊர் டீம் ரெண்டும் மோதறது, குடிசன் எவர்டனோட மைதானம். 2025 பிப்ரவரி 12 ராத்திரி ஆட்டம், நமக்கு ரங்கூன்ல 13 அதிகாலை 2 மணி. டிசம்பர் 7-ல நடக்க வேண்டியது, புயலால தள்ளிப்போச்சு. எவர்டன் 2, லிவர்பூல் 2. எவர்டனுக்குப் பெட்டோ 11-ஆவது நிமிஷம், டார்கவ்ஸ்கி 90+8; லிவர்பூலுக்கு மக்அலிஸ்டர் 16, சாலா 73. விசில் ஊதின பிறகு நாலு சிவப்பு அட்டை: எவர்டனோட டூகூரே, லிவர்பூல்ல கர்டிஸ் ஜோன்ஸ், எங்க லிவர்பூல் கோச் ஸ்லாட், அவரோட உதவியாளர் ஹுல்ஷாஃப்.

இந்த ஆட்டம் முடிஞ்சப்ப 24 ஆட்டத்துல 57 புள்ளி, ஆர்சனலை விட 7 மேலே இருந்தோம். அதனால அழறதுக்கு வரலை. ஆனா இந்த ரெண்டு கோலையும் எவர்டன் போடலை, நாங்கதான் கொடுத்தோம். முதலாவது, ஃப்ரீ கிக் எடுக்கறப்ப தூங்கினது. ரெண்டாவது, 98-ஆவது நிமிஷத்துல பாக்ஸுக்குள்ள பந்து கீழே விழற வரைக்கும் வேடிக்கை பார்த்தது. கையில இருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டோம். இதுக்கு மறுப்பு இருந்தா சொல்லுங்க.

மோல்மேன் நீலம்

இருக்கு அண்ணே. “நாங்கதான் கொடுத்தோம்”னு சொல்றதே ஒரு திமிர். எங்க எவர்டன் ஆளு எடுத்தான்னு சொல்ல வாய் வரலையா?

அப்ப மோய்ஸ் எங்க கோச்சா திரும்பி வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அதுக்குள்ள டாட்டன்ஹாம், பிரைட்டன், லெஸ்டர்னு லீக்ல வரிசையா மூணு ஜெயம். அவர் செஞ்சது ஒண்ணும் மந்திரம் இல்லை. பந்தைப் பின்னால வெச்சு உருட்டாதே, பெட்டோவை நோக்கி அனுப்பு, விழற பந்தைப் பொறுக்கு. இதைத்தான் அன்னைக்கும் செஞ்சாங்க. உங்க சென்டர் பேக் (கோலுக்கு முன்னால நடுவுல நின்னு தடுக்கறவங்க) கொனாட்டே, வான் டைக் ரெண்டு பேரும் முழு ஆட்டமும் தங்களோட கோலைப் பார்த்துத் திரும்பி ஓடிக்கிட்டே இருந்தாங்க. அது தற்செயல் இல்லை, திட்டம்.

இன்னொண்ணு. எங்க எண்டியாய் முதல் பாதியிலேயே அடிபட்டு வெளியே போயிட்டார். பந்தைக் காலில் கட்டிக்கிட்டு முன்னே போற ஒரே ஆளு அவர்தான். அவர் இல்லாம 2-2. இதைப் பிடுங்கி எடுத்ததுன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?

பெகு மாமா

ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. முதல் கோலைத் தனியா எடுத்துப் பார்ப்போம், அதுல பாடம் நிறைய இருக்கு.

பிரான்த்வெய்ட் ஃப்ரீ கிக்கைச் சட்டுனு எடுத்தார், பெட்டோ ஓடினார், லிவர்பூல் கோல்கீப்பர் அலிசனைத் தாண்டி உள்ளே. ஒரே பாஸ். இந்த மாதிரி கோல் விழுந்தா எல்லாரும் சென்டர் பேக்கைத் திட்டுவாங்க. தப்பு அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது.

விசில் ஊதின நொடியில பந்துக்குக் கிட்ட இருக்கற ஆளு முதுகைக் காட்டித் திரும்பி நடக்கவே கூடாது. சட்டப்படி 9.15 மீட்டர் விலகணும், சரி. ஆனா விலகும்போது உதைக்கறவனைப் பார்த்தபடியே பின்பக்கமா நடக்கணும். அப்படி நடந்தாலே அவன் தலையைத் தூக்கி நேர் பாஸைத் தேட ரெண்டு நொடி கூடுதலா ஆகும். பந்தை எடுத்து வெச்சுக்கறது, தட்டி விடறது எல்லாம் மஞ்சள் அட்டைக்கு வழி, வேண்டாம்.

அதே நேரத்துல சென்டர் பேக் ரெண்டு பேருல ஒருத்தர் ஸ்ட்ரைக்கரைக் கையால தொடற தூரத்துக்குப் போயிருக்கணும், இன்னொருத்தர் அஞ்சு மீட்டர் பின்னால. ஃப்ரீ கிக்ல ஆஃப்சைடு உண்டு, த்ரோ-இன் மாதிரி இல்லை. அதனால வரிசையா நிக்கலாம்தான். ஆனா வரிசை பிடிக்கணும்னா நாலு பேரும் ஒரே நேரத்துல பந்தைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். ஒருத்தன் ரெஃப்ரி முகத்தைப் பார்த்தான்னா வரிசை போச்சு. அங்க நடந்தது அதுதான். பெட்டோ ஓடத் தொடங்கினப்ப வான் டைக்கும் கொனாட்டேயும் இடம் பிடிச்சு நிக்கவே இல்லை.

ஆக தம்பி சிவப்பு சொல்றது பாதி சரி, தூங்கினாங்க. தம்பி நீலம் சொல்றதும் பாதி சரி. தூங்கறதைப் பார்த்துக்கிட்டே இருந்து பந்தை வெச்சவுடனே அனுப்பினது பயிற்சி.

தாம்வே சிவப்பு

மாமா, முதல் கோலை ஒத்துக்கறேன். ரெண்டாவது கோல்? பந்து வர்றதுக்கு முன்னாடி பெட்டோ கொனாட்டே முதுகுல கை வெச்சுத் தள்ளினது உலகத்துக்கே தெரிஞ்சுது. வீடியோ பார்த்துச் சரிபார்க்கற வி.ஏ.ஆர்-க்கு மட்டும் தெரியலை. அதுக்கு மேல, பலகையில காட்டினது 5 நிமிஷம். கோல் விழுந்தது எட்டாவது நிமிஷத்துல. இந்த மூணு நிமிஷம் எங்கேருந்து வந்துச்சு? கடன் வாங்கினதா?

சான்சாவுங் விசில்

நேரத்தைப் பற்றி முதலில். ஏழாவது விதி: பலகையில் காட்டுவது குறைந்தபட்சக் கூடுதல் நேரம். ரெஃப்ரி அதைக் கூட்டலாம், குறைக்கத்தான் முடியாது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஆட்டம் நின்றால் அந்த நேரமும் சேரும். “5 என்றால் 5” என்று நினைத்து ஆடுவது ஆட்டக்காரர்களின் தவறு, ரெஃப்ரி மைக்கேல் ஆலிவரின் தவறு அல்ல.

தள்ளியது பற்றி. கை பட்டாலே ஃபவுல் இல்லை. கவனக்குறைவாகவோ அதைவிட மோசமாகவோ தள்ளினால்தான் ஃபவுல். பாக்ஸுக்குள் பந்துக்காக இருவர் மோதும்போது இரண்டு பக்கமும் கை இருக்கும். களத்தில் ரெஃப்ரி ஊதவில்லை. அதை மாற்ற வேண்டுமானால் வி.ஏ.ஆர் அறையில் இருப்பவர் “தெளிவான, வெளிப்படையான பிழை” என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், களத்திலேயே ஊதியிருந்தாலும் வி.ஏ.ஆர் அதை மாற்றியிருக்காது. அந்த அளவுக்கு நடுவாந்தரமான தள்ளல்.

ஆஃப்சைடுக்கு இந்த அளவுகோல் கிடையாது. அங்கே சரி அல்லது தப்பு, இரண்டே. பிரீமியர் லீக்கில் அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறை அப்போது வரவில்லை (2025 ஏப்ரலில்தான் வந்தது), அறையில் உட்கார்ந்து ஆள்தான் கோடு போட வேண்டியிருந்தது. அதனால்தான் கடைசிக் கோலுக்குப் பிறகு அந்தக் காத்திருப்பு. நம் ஊரில் அந்த நேரத்தில் கரண்ட் போகாமல் இருந்ததே பெரிய புண்ணியம்.

மோல்மேன் நீலம்

அக்கா சொன்னா சரி 😄

சிவப்பு அண்ணே, ரெஃப்ரியை விடுங்க. 73-க்கும் 98-க்கும் நடுவுல 25 நிமிஷம் உங்க டீம் என்ன பண்ணுச்சு, அதைச் சொல்லுங்க.

கமாயூட் பத்து

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். யாருமே சாலா பேரைச் சொல்லலையே? மக்அலிஸ்டர் தலையால முட்டினது சாலாவோட கிராஸ். ரெண்டாவது கோல், ஜோன்ஸ் அடிச்சது தடுபட்டுத் திரும்பி வந்தப்ப சாலா கால்ல. ரெண்டு கோல்லயும் அவர். அதுக்கு நடுவுல பல நிமிஷம் அவரைக் காணோம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இந்த மாதிரி நெரிசலான ஆட்டத்துல விங்கர் காணாமத்தான் போவார். ரெண்டு தடவை வந்தா போதும்.

மோல்மேன் நீலம்

சாலாவைக் குறை சொல்லலை தம்பி. எங்க மைக்கோலென்கோ அவரை உள்பக்கம் வெட்ட விடாம வெளிப்பக்கமே தள்ளிக்கிட்டுப் போனார், அது சரியான வேலை. அப்படித் தள்ளினா ஒரு கிராஸ் வரும், அந்த விலை கொடுத்துத்தான் ஆகணும். தப்பு நடுவுல. மக்அலிஸ்டர் மாதிரி உயரம் குறைஞ்ச ஆளு பாக்ஸுக்குள்ள ஓடி வந்து தனியா முட்டறார்னா எங்க மிட்ஃபீல்டர் ஒருத்தன் அவர் ஓட்டத்தோட ஓடலைன்னு அர்த்தம். கோல் போட்டு அஞ்சே நிமிஷம். கொண்டாட்டம் இன்னும் தலையை விட்டு இறங்கலை.

பெகு மாமா

இப்ப அந்த 25 நிமிஷத்துக்கு வர்றேன். இந்த ஆட்டத்தோட உயிர் அங்கதான் இருக்கு.

நீளமா உதைக்கற டீமை எதிர்த்து ஆடும்போது முதல் பந்தை ஜெயிக்கறதை விட ரெண்டாவது பந்தை ஜெயிக்கறதுதான் முக்கியம். பெட்டோ கூட எகிறி முட்டற கொனாட்டே பந்தை எங்க அனுப்பறார்னு அவருக்கே தெரியாது. அதனால அது விழற இடத்துல ஆளு முன்கூட்டியே நிக்கணும். எகிறறவருக்கு அஞ்சாறு மீட்டர் பின்னால ஒருத்தர், பந்து தாண்டி வந்தா எடுக்க. முன்னால எட்டுப் பத்து மீட்டர்ல மூணு பேர் அரைவட்டமா, முட்டின பந்து விழுந்தா எடுக்க. லிவர்பூல்ல கிராவன்பெர்ஹ் ஒருத்தரே அந்த அரைவட்டம் முழுக்க ஓடிக்கிட்டு இருந்தார். ஃபுல் பேக் ரெண்டு பேரும் மேலே ஏறியிருந்தா அந்த வட்டம் ஓட்டைதான்.

அன்னைக்குப் பர்மிய மாசக் கணக்குல தபொட்வே பௌர்ணமி. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு தமனே (ஒட்டரிசிப் பண்டம்) கிண்டியிருப்பாங்க. பெரிய கடாய்ல ஒட்டரிசி இறுகினப்புறம் துடுப்பு நகராது. ரெண்டு பேர் எதிரெதிரே நின்னு தம் பிடிச்சு இழுக்கணும். குடிசன் மிட்ஃபீல்டும் அப்படித்தான் இருந்துச்சு. அதுல மெல்லிசான பாஸ் போட்டு ஆட நினைச்சது ஸ்லாட்டோட பிழைன்னு நான் சொல்வேன். 2-1 ஆனதுக்கு அப்புறம் ரெண்டு வழிதான். பந்தை எவர்டன் பாதியிலயே பூட்டி வெக்கணும். இல்லைன்னா ஒழுங்கா இறங்கி நின்னு பாக்ஸைக் காக்கணும். அவங்க ரெண்டுக்கும் நடுவுல நின்னாங்க.

கடைசிக் கோல்ல நடந்தது இதுதான். பாக்ஸுக்குள்ள தொங்கவிட்ட பந்து, மோதல், கீழே இறங்கினது, டார்கவ்ஸ்கி வாலி, அதாவது பந்து காத்துல இருக்கும்போதே உதைச்சார். அவர் யாரு? சென்டர் பேக். எதிரி டீமோட சென்டர் பேக் முன்னே வந்துட்டாருன்னா உங்க கணக்குல ஒரு ஆளு கூடியாச்சு. அவரை யார் பிடிக்கறதுன்னு அவர் நடந்து வர்றப்பவே கத்திச் சொல்லணும், பந்து காத்துல இருக்கும்போது இல்லை.

தாம்வே சிவப்பு

சரி மாமா, அப்படின்னா சாலா மாதிரி வேகமான ஒருத்தரை நடுக்கோட்டுல விட்டிருந்தா அவங்க சென்டர் பேக் முன்னே வரத் துணிஞ்சிருப்பாரா? எல்லாரும் பாக்ஸுக்குள்ள அடைஞ்சுக்கறதுனாலதான் எதிரி மொத்தமா ஏறி வர்றான்.

மோல்மேன் நீலம்

98-ஆவது நிமிஷத்துல கண்டிப்பா வருவார் அண்ணே. 1-2-ல தோத்தாலும் 1-3-ல தோத்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான். அதுவும் குடிசன்ல கடைசி டெர்பி. அந்த மைதானம் 1892-லேருந்து இருக்கு, அங்க ரெண்டு டீமும் மோதினது 120 தடவை. இந்த டிராவோட கணக்கு எப்படி முடிஞ்சுது தெரியுமா? எங்களுக்கு 41 ஜெயம், உங்களுக்கு 41, டிரா 38. டார்கவ்ஸ்கி அடிக்கலைன்னா உங்களுக்கு 42. அந்த ஒண்ணைத் தர எவனும் பின்னால நிக்க மாட்டான்.

சான்சாவுங் விசில்

சிவப்புத் தம்பியின் யோசனை 85-ஆவது நிமிடம் வரை சரி. அதற்குள் பந்து உங்களுக்குக் கிடைத்தால் அந்த ஒருவர் இரண்டு டிஃபெண்டரைப் பின்னால் கட்டி வைப்பார். கூடுதல் நேரத்தில் பந்து உங்களுக்குக் கிடைப்பதே இல்லை என்றால் பத்துப் பேரை வைத்துப் பதினொரு பேரைத் தடுக்கிறீர்கள்.

அட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். டூகூரே, ஜோன்ஸ் இருவருக்கும் இரண்டாவது மஞ்சள், அதாவது ஒரு ஆட்டத் தடை. டூகூரேக்கு சனிக்கிழமை கிரிஸ்டல் பேலஸ் போச்சு, ஜோன்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமை வுல்வ்ஸ் போச்சு. எதிரி ரசிகர்கள் முன்னால் போய்க் கொண்டாடியது ஒரு முட்டாள்தனம், அதைத் தட்டிக் கேட்க ஓடியது இன்னொரு முட்டாள்தனம். ஏற்கெனவே மஞ்சள் வாங்கியவனை விசில் ஊதியதும் சக ஆட்டக்காரன்தான் தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

கமாயூட் பத்து

மாமா, அந்த ரெண்டாவது பந்து விஷயத்தை நம்ம ஞாயித்துக்கிழமை டீமுக்குச் சொல்லித்தர முடியுமா? எங்க பசங்க எல்லாரும் எகிறறவனைச் சுத்தி ஒரே இடத்துல கூடிடறாங்க.

பெகு மாமா

முடியும். 40-க்கு 30 மீட்டர் கட்டம் போடுங்க, பக்கத்துக்கு ஆறு பேர். ஓரத்திலேருந்து ஒருத்தர் கையால உயரமா எறியட்டும். காலால உதைச்சா ஒரு பந்து கூட வேணுங்கற இடத்துல விழாது. ஒவ்வொரு பக்கமும் ஒருத்தர்தான் எகிறலாம். மத்தவங்க பந்து காத்துல இருக்கும்போதே இடம் பிடிக்கணும், எகிறறவருக்கு மூணு மீட்டருக்குள்ள யாரும் வரக் கூடாது. பந்து விழுந்து ஆறு நொடிக்குள்ள யார் ரெண்டு பாஸ் முடிக்கறாங்களோ அவங்களுக்கு ஒரு புள்ளி. எட்டு எறி, ஒன்றரை நிமிஷம் ஓய்வு, அப்படி நாலு சுற்று போதும். அதுக்கு மேல போனா கழுத்து வலிக்கும், சின்னப் பசங்களுக்கு இதை வைக்கவே வேண்டாம்.

மூணாவது சுத்துல பாருங்க, மறுபடியும் கூட ஆரம்பிப்பாங்க. களைச்சா கால் தானா பந்தை நோக்கிப் போகும். அப்ப ஆட்டத்தை நிறுத்திட்டு அவங்கவங்க நிக்கற இடத்தை அவங்களையே பார்க்கச் சொல்லுங்க, திட்ட வேண்டாம்.

தாம்வே சிவப்பு

இதை ஸ்லாட்டுக்கு அனுப்புங்க மாமா 😒

ஆனா அந்த வாலி. ஒரு சென்டர் பேக் அப்படி அடிக்கறது எத்தனை தடவை நடக்கும்? பத்துல ஒண்ணு மேல்வலைக்குப் போகும், ஒன்பது கூரைக்குப் போகும். அதிர்ஷ்டம்னு ஒரு வார்த்தையாவது சொல்லுங்க.

மோல்மேன் நீலம்

சொல்ல மாட்டேன். நம்ம ஊர்ல சின்லோன்ங்கற பிரம்புப் பந்தாட்டம் ஆடற பசங்களைக் கேட்டுப் பாருங்க. கணுக்கால் இறுகியிருக்கணும், உடம்பு பின்னால சாயக் கூடாது, பிரம்புப் பந்து கால் உயரத்துக்கு இறங்கற வரைக்கும் அவசரப்படக் கூடாது. டார்கவ்ஸ்கி அந்த மூணையும் செஞ்சார். உங்க ஆளுங்கதான் அதுக்கு இடம் கொடுத்து நின்னு பார்த்தாங்க.

தாம்வே சிவப்பு

அதைத்தானே தம்பி நான் முதல் வரியிலேருந்து சொல்றேன், கொடுத்தோம்னு!

மோல்மேன் நீலம்

திரும்பவும் ஆரம்பிச்சாச்சு.