சல்சாவில் நாலு எங்கே போனது?

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 8.40)
பாண்டிச்சேரிப் பயணம் பற்றி 'வாரக்கடைசி வண்டி' என்ற தம்பி நேற்று எழுதியிருந்தார். சாயங்காலம் கடற்கரைச் சாலை, ஒயிட் டவுனில் ஒரு மொட்டை மாடி, அங்கே புதியவர்களுக்கு சல்சா என்ற ஜோடி நடனத்தில் ஒரு மணி நேர வகுப்பு, அப்புறம் அதே மாடியில் இரவு 11 வரை ஆட்டம். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: "சல்சாவில் நாலும் எட்டும் கிடையாது, மொத்தம் ஆறு எண்ணிக்கைதான். தாளம் தெரியாதவர்களும் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம்."

எனக்கு மனசு ஆறவில்லை. 32 வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. முதல் தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். நாலாவது நடு விரல். சின்ன வயதில் அந்த நடு விரலை எண்ணாமல் தாவினால் தொடையில் அடி விழும். எட்டு உள்ள தாளத்தில் இரண்டைக் காணோம் என்று ஒருவர் எழுதுகிறார், கீழே 40 பேர் அருமை அருமை என்கிறார்கள். நாலு எங்கே போனது? யாராவது சொல்லுங்கள்.

வாரக்கடைசி வண்டி (இரவு 8.58)
ஐயா, வணக்கம். வகுப்பில் சொன்னதைத்தான் எழுதினேன். மாஸ்டர் "ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து, ஆறு, ஏழு" என்றுதான் எண்ணினார். நாலு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. ஆண்கள் ஒன்றில் இடது காலை முன்னால் வைக்க வேண்டும், இரண்டில் வலது காலை நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும், மூன்றில் இடது காலை நடுவுக்குக் கொண்டு வர வேண்டும். அப்புறம் ஒரு மூச்சு. ஐந்தில் வலது கால் பின்னால். பெண்களுக்கு இதுவே கண்ணாடியில் பார்ப்பது போல. மொத்தம் ஆறு மிதி. நான் நெய்வேலிக்காரன், கல்யாண வீட்டில்கூட ஆடாதவன். ஒரு மணி நேரத்தில் எனக்கு வந்தது. அதைச் சொல்லக் கூடாதா?

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 9.05)
மிதி ஆறு என்று இப்போது சொல்கிறீர்கள். நேற்று எழுதியது எண்ணிக்கை ஆறு. இரண்டும் ஒன்றா? அந்த மூச்சு எத்தனை அட்சரம்? ஒன்று. அதற்குப் பேர் என்ன? நாலு.

உப்புக்காற்று (இரவு 9.20)
நான் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை. இரண்டு வருடமாக ஆடுகிறேன். நாலும் எட்டும் நிறுத்தம், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு நாலு அட்சரம், இரண்டு சுற்று சேர்ந்தால் எட்டு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

அந்தப் பதிவில் எனக்கு உறுத்தியது வேறு. தம்பி எழுதியிருந்தார், "புதியவர்கள் யார் வேண்டுமானாலும் யார் கையையும் பிடித்து ஆடலாம்" என்று. மாஸ்டர் சில நிமிடத்துக்கு ஒரு முறை "மாத்து" என்பார், ஜோடி மாறும். அதற்காகக் கையைக் கட்டை விரலால் நெரிப்பதா? போன மாதம் ஒரு சுற்றுலாப் பையன் பிடித்த பிடியில் என் மணிக்கட்டில் நாலு விரலும் பதிந்து இரண்டு நாள் இருந்தது. விரலைக் கொக்கி மாதிரி வளைத்து, என் விரல் அதன் மேல் சும்மா தொங்க வேண்டும். கட்டை விரலுக்கு அங்கே வேலையே இல்லை. தனியாகப் பயணம் வரும் பெண்கள் இதைப் படிப்பார்கள். இதை எழுதுங்கள் முதலில்.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 9.26)
அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். பிடி முக்கியம்தான். ஆனால் "நிறுத்தம்" என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. காங்கா என்ற மேளத்தைக் கேட்டிருக்கிறீர்களா? அதில் இரண்டில் ஒரு அறை விழும். நாலிலும் நாலுக்கு அடுத்த அரையிலும் 'டும் டும்' என்று இரண்டு திறந்த ஓசை. முழு வாசிப்பிலும் கும்மென்று காதில் நிற்பது அந்த நாலுதான். நேற்று ராத்திரி மூன்று பாட்டை வைத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மேளக்காரர் நாலில் கூப்பிடுகிறார், நீங்கள் நாலே கிடையாது என்கிறீர்கள். வாசிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

பாரிஸ் பாண்டியன் (இரவு 10.02)
வணக்கம். பாண்டிச்சேரி வைசியாள் வீதியில் பிறந்தவன், 19 வருடமாகப் பாரிஸில் இருக்கிறேன். கோடையில் சேன் நதிக்கரையில், தினோ ரோசி பூங்காவில், ராத்திரி நேரம் திறந்த வெளியில் ஆடுவார்கள். நான் பழகியது அங்கே. காசு கொடுத்து மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டதை எல்லாம் சல்சா என்று எழுதுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒன்றில் தொடங்குவது லாஸ் ஏஞ்சலஸ் வழி. நியூயார்க்கில் எடி டோரஸ் என்ற நடன ஆசிரியர் பரப்பிய வழியில் திசை மாறுவது இரண்டிலும் ஆறிலும். கியூபாவில் காசினோ என்பார்கள், அங்கே கோட்டில் ஆட மாட்டார்கள், ஒருவரை ஒருவர் வட்டமாகச் சுற்றி வருவார்கள். சோன் என்ற பழைய கியூபா ஆட்டம் ஆடுகிறவர்கள் இரண்டு, மூன்று, நாலு என்றே மிதிப்பார்கள். நிற்பது ஒன்றில்!

இன்னொன்று. 1791-இல் ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தபோது அங்கிருந்து கியூபாவுக்கு ஓடி வந்தவர்கள் கொண்டு வந்தது கோந்த்ரதான்ஸ் என்ற பிரெஞ்சு நடனம் என்பார்கள். அதிலிருந்து கோந்த்ரதான்சா, அப்புறம் 1879-இல் கியூபாவின் மத்தான்சாஸ் நகரில் தான்சோன், அதன் வழியில் சல்சாவுக்கு முன்னோடியான மாம்போ. பாண்டிச்சேரியில் சல்சா ஆடுவது நம் பிரெஞ்சு உறவுக்குப் பொருத்தமானதே.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 10.07)
பார்த்தீர்களா! இரண்டு, மூன்று, நாலு என்று மிதிக்கிறார்களாம். நாலு இருக்கிறது! நான் அப்போதிலிருந்து தொண்டை கிழியக் கத்துவது இதைத்தான்.

வாரக்கடைசி வண்டி (இரவு 10.10)
ஐயா, அது வேறு வழி. நான் போன வகுப்பில் நாலு கிடையாது.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 10.11)
மறுபடியும் "கிடையாது".

திருப்பாப்புலியூர் ஆள் (இரவு 10.30)
பிரெஞ்சு உறவாம். அண்ணே, நியூயார்க்கில் குடியேறிய கியூபாக்காரர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வளர்த்த ஆட்டம். 1964-இல் ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனத்தை அங்கே தொடங்கியவர்களில் ஒருவரான ஜானி பசேகோ டொமினிக்கன் நாட்டில் பிறந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டு வரப்பட்டவர்களின் மேளம் இல்லாமல் இந்த இசையே இல்லை. அவர்களை விட்டுவிட்டு, அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களின் நடனத்தைத் தூக்கி மேலே வைக்கிறீர்கள்.

அப்புறம் தம்பியின் பதிவில் எனக்கும் ஒரு கோபம் உண்டு. "கடலூரில் இரவு வாழ்க்கையே இல்லை, அதனால் எல்லோரும் பாண்டிக்கு ஓடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். சில்வர் பீச்சில் ராத்திரி 9 மணிக்கு வந்து பார்த்திருக்கிறாரா? குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்து சுண்டலும் மீன் வறுவலும் சாப்பிடுகிறார்கள். அது இரவும் இல்லையா, வாழ்க்கையும் இல்லையா?

உப்புக்காற்று (இரவு 10.41)
கடலூர்க்காரர்கள் எதற்குப் பாண்டிக்கு வருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாதா? சனிக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டில் வந்து நின்று பாருங்கள்.

திருப்பாப்புலியூர் ஆள் (இரவு 10.44)
இதற்குத்தான் காத்திருந்தேன். குடிக்க வருகிறோம் என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். 20 கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருக்கும் ஊர். என் மனைவி அங்கே வேலை பார்க்கிறாள். பொண்ணு அங்கே படிக்கிறாள். தினமும் போய் வருகிறோம். திரும்பும்போது ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பொண்ணின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்த நாளும் உண்டு. அந்த அவமானத்தை உங்கள் ஊர்க்காரர் எவரும் பட்டதில்லை. போன வருடம் பஸ் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இதையேதான் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

உப்புக்காற்று (இரவு 10.52)
நான் எல்லோரையும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் ஆட்டம் முடிந்து தனியாக வீட்டுக்குப் போகிறவள் நான். கடற்கரைச் சாலையில் 6 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், காந்தி சிலையிலிருந்து பழைய துறைமுகப் பக்கம் வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே பயமே இல்லை. அதைத் தாண்டி உள்ளே இரண்டு தெரு திரும்பினால் யார் எந்த நிலையில் வருகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். அதில் வெளியூர் ஆட்கள்தான் அதிகம். இதை மாற்றிச் சொல்ல முடியாது.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 11.03)
குடி, பஸ், சுண்டல் எல்லாம் அப்புறம் பேசுங்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கிளாவே என்று இரண்டு மரக்கட்டையைத் தட்டுவார்கள். இரண்டு சுற்றுக்கு ஐந்து தட்டு. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று வரும்போது, முதல் தட்டு ஒன்றில், அடுத்தது இரண்டரையில், மூன்றாவது எங்கே? நாலில்! மேளமும் நாலில், கட்டையும் நாலில். சா சா சா என்று ஓர் ஆட்டம், 1950-களில் கியூபாவில் என்ரிக்கே ஹொர்ரின் இசையோடு பரவியது, அதில் நாலில் காலே வைக்கிறார்கள். இவ்வளவு பேர் நாலைக் கொண்டாடும்போது ஒயிட் டவுன் மொட்டை மாடியில் மட்டும் ஏன் நாலைத் தூக்கிப் போட்டார்கள்?

பாரிஸ் பாண்டியன் (இரவு 11.15)
சார், நீங்கள் சொல்லும் கணக்கு சரி. உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன், அது கார்வை. ஓசைக்கு நடுவே விடும் இடம். தாளத்தில் இருக்கும், காலில் இருக்காது. சண்டை முடிந்தது.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 11.19)
முடியவில்லை. கார்வை என்றால் எண்ண வேண்டும். எண்ணாமல் விட்டால் அது கார்வை இல்லை, ஓட்டை. வாய் விட்டு "மூன்று, ஐந்து" என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மூன்றுக்கு அடுத்தது ஐந்து என்று ஓடத்தான் செய்யும். என் பேத்தி போன மாதம் அதே மாதிரி ஒரு மாடி வகுப்புக்குப் போனாள். நான் கூடப் போய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். 14 பேர். பாட்டு போடாத வரைக்கும் எல்லோரும் ஒன்றாக ஆடினார்கள். பாட்டு போட்டதும் எட்டு பேர் ஒரு அட்சரம் முந்திப் போனார்கள். எங்கே முந்தினார்கள் தெரியுமா? மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில். என் பேத்தி நின்றாள், ஏனென்றால் அவள் நடு விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஜோடி கை மாறும்போது அந்தப் பையன் அவளைத்தான் "லேட்" என்றான். அவள் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தப்பாக ஆடினவன் சரியாக ஆடினவளைப் பார்த்துச் சொல்கிறான். தம்பி எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வாரக்கடைசி வண்டி (இரவு 11.31)
ஐயா, அந்தப் பையன் நான் இல்லை. நான் போனது இந்த வாரம். எங்கள் வகுப்பில் யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ரப்பர் செருப்போடு போனதால் திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டு முட்டி சுளுக்கியது. மாஸ்டர் தன் பழைய தோல் ஷூவைக் கொடுத்தார், ஒரு அளவு பெரியது, உள்ளே துணி அடைத்துப் போட்டுக்கொண்டு ஆடினேன். அப்புறம் 10 மணிக்கு யாரென்றே தெரியாத ஓர் அம்மா, 60 வயது இருக்கும், என்னைக் கூப்பிட்டு ஒரு முழுப் பாட்டு ஆடினார். நான் தப்பு பண்ணினபோதெல்லாம் அவர் நின்று, தலையை ஆட்டி, மறுபடி 'ஒன்று' எங்கே வருகிறது என்று காட்டினார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு ராத்திரி இருந்ததில்லை. அதைத்தான் எழுத வந்தேன். நாலு கிடையாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

உப்புக்காற்று (இரவு 11.36)
அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அவர் முன்னால் ஆடினால் ஆண்கள்தான் பின்னால் போக வேண்டும். ஆண் இழுக்க, பெண் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் மாற்றுங்கள்.

திருப்பாப்புலியூர் ஆள் (இரவு 11.40)
கடலூர் பற்றி எழுதியதையும் மாற்றச் சொல்லுங்கள். என்னிடம் இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பாரிஸ் பாண்டியன் (இரவு 11.44)
நான் சொன்ன கோந்த்ரதான்ஸ் வரலாற்றில் ஒரு வரியைக்கூட யாரும் தவறென்று காட்டவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 11.52)
தம்பி, உங்கள் ராத்திரி நல்ல ராத்திரி. அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்றில் இடது காலை நடுவில் வைத்தீர்கள். ஐந்தில் வலது கால் பின்னால் போகிறது. நடுவில் அந்த வலது கால் எங்கே இருந்தது?

வாரக்கடைசி வண்டி (இரவு 11.55)
போய்க்கொண்டிருந்தது.

மஞ்சக்குப்பம் மிருதங்கம் (இரவு 11.56)
எந்த அட்சரத்தில்?