சோலார் ஸ்டில்லில் 3 லிட்டர் வந்தது, இப்போ 900 மில்லிதான் – உதவுங்க

கடலோரத்தான்:
சாயல்குடி பக்கம் எங்க ஊர். போர்த் தண்ணி டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைஞ்ச உப்பு, மில்லிகிராமில்) 5,200. குடத்துக்குக் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாமல் பங்குனியில் நானே ஒரு சோலார் ஸ்டில் கட்டினேன் – உப்புத் தண்ணியை வெயிலில் ஆவியாக்கி, கண்ணாடியில் படிஞ்சு வழியுற நல்ல தண்ணியைப் பிடிக்கிற தொட்டி. 1 சதுர மீட்டர் சிமெண்ட் தொட்டி, உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே சாய்வா கண்ணாடி. முதல் மாசம் தினம் 3 லிட்டர். "இப்பதான்டா பருப்பு வேகுது"ன்னு அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போ ஆனி, வெயில் குறையலை, தண்ணிதான் குறைஞ்சுபோச்சு. வர்ற தண்ணி டிடிஎஸ் 35. கண்ணாடியில் முத்து முத்தா துளி நிக்குது, வழியலை. எங்கே தப்பு?

உப்பளத்தான், தூத்துக்குடி:
தம்பி, தண்ணி எத்தனை விரக்கடை நிக்குது? தொட்டி அடி என்ன நிறம்?

கடலோரத்தான்:
நாலு விரக்கடை அண்ணே. அடி வெள்ளையா இருக்கு. குறைஞ்ச அளவுக்கு ஊத்துவேன், பழசைத் திறந்து விட்டதில்லை.

உப்பளத்தான், தூத்துக்குடி:
அப்போ 3 மாசத்து உப்பும் உள்ளேதான், ஒரு கிலோவுக்குப் பக்கம் இருக்கும். அந்த வெள்ளை சுண்ணாம்பும் ஜிப்சமும். வெயிலைத் திருப்பி அடிக்குது. தேங்காய் நாரால் தேய்ங்க. ஆசிட் வேண்டாம், சிமெண்டைத் தின்னுடும். ஒரு விரக்கடை தண்ணி போதும். எங்க உப்புப் பாத்தியிலும் தண்ணி ஏறினா சூடேற நேரமாகும். வாரம் ஒருதரம் முழுசா மாத்துங்க.

வெயில்மாணவி:
டிடிஎஸ் 35ன்னா உப்புத் தண்ணி கலக்கலை, அது நல்ல சேதி. துளி வழியாம நிக்குதுன்னா கண்ணாடி உள்பக்கம் பிசுக்கு; துளி பெருத்துத் தொட்டிக்குள்ளேயே விழும். சோப்பு போட்டுக் கழுவி அலசுங்க. அப்புறம் உச்சி வெயிலில், பானைத் தண்ணியில் நனைச்சுத் துடைச்ச சில்வர் கரண்டியை ஓரத்துல காட்டுங்க. பனிச்சா அங்கே ஆவி கசியுது. மீன்தொட்டிக் கண்ணாடி ஒட்டுற சிலிகோன் பசை வச்சு அடைங்க.

3 லிட்டருக்கு மேல ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் அண்ணா. ஒரு லிட்டர் ஆவியாகவே சுமார் 2,300 கிலோஜூல் வெயில் சூடு வேணும். சிலியில் 1872ல் லாஸ் சலினாஸ் சுரங்கத்துக்காக இதே மாதிரி ஸ்டில் கட்டி 4,000 சதுர மீட்டருக்கு மேல கண்ணாடி போட்டாங்க. அங்கேயே சதுர மீட்டருக்கு தினம் சுமார் 5 லிட்டர்தான். 15 லிட்டர் வேணும்னா இதே மாதிரி இன்னும் நாலு தொட்டி கட்டணும்.

கடலோரத்தான் (நாலு நாள் கழிச்சு):
தேய்ச்சு, கழுவி, தண்ணியைக் குறைச்சேன். இன்னைக்கு 2.4 லிட்டர்! ஒரு மூலையில் மட்டும் கரண்டி பனிக்குது, நாளைக்கு அடைக்கிறேன். கழிவுத் தண்ணியை தென்னைக்கு ஊத்தலாமா?

உப்பளத்தான், தூத்துக்குடி:
வேண்டாம் தம்பி, போர் பக்கமும் வேண்டாம். தரையில் ஒரு சிமெண்ட் பாத்தி கட்டி அதிலேயே காயவிடுங்க.