ஐபோன் 11 விற்கணும், பேட்டரி மெசேஜால விலை படியல

திருச்சியில ஐபோன் 11, கருப்பு, 128 ஜிபி விற்பனைக்கு வச்சு மூணு வாரம் ஆச்சு. பாக்ஸ், பில், கூடவே வந்த 5 வாட் சார்ஜர், லைட்னிங் கேபிள், பிரிக்காத இயர்பாட்ஸ் எல்லாம் இருக்கு.

பிரச்சினை பேட்டரி. பேட்டரி ஹெல்த் 76%க்கு இறங்கினதும் வெளிக்கடையில மாத்தினது. இப்போ செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட்ல ‘அன்னோன் பார்ட்’னு (ஒரிஜினல்னு உறுதியாகாத பாகம்) காட்டுது, ஹெல்த் சதவீதமும் வரல. பார்க்க வர்றவங்க டிஸ்பிளேயும் மாத்தினதுன்னு முடிவு பண்ணிடறாங்க. டிஸ்பிளே ஒரிஜினல்தான். அதுக்கு அபவுட்ல எந்த எச்சரிக்கையும் இல்ல, ட்ரூ டோனும் (சுத்தி இருக்குற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி திரை நிறத்தை மாத்துற வசதி) வேலை செய்யுது.

திருட்டு போனான்னு பார்க்க, ஐஎம்இஐ நம்பரை 14422ங்கிற அரசு எண்ணுக்கு கேஒய்எம் மெசேஜா அனுப்பி சோதிச்சாச்சு, எந்தப் பிரச்சினையும் இல்ல. ஃபைண்ட் மை ஆஃப் பண்ணி, ஐக்ளவுட்ல இருந்தும் வெளியேறியாச்சு. விளம்பரத்துல பேட்டரி மாத்தினதை மறைக்காமப் போட்டேன். கேட்டது 14,000, வந்தது 9,000. சார்ஜரும் இயர்பாட்ஸும் தனியா விற்கலாம், ஆனா பாக்ஸோட முழு செட்டுக்குத்தான் மதிப்புன்னு நினைக்கிறேன்.

பழைய பேட்டரி கைவசம் இருக்கு. அதோட பிஎம்எஸ் போர்டை (பேட்டரியைக் கட்டுப்படுத்துற சின்ன சர்க்யூட்) புது செல்லுல வெல்டிங் பண்ணித் தர்றதா, அப்போ போன் அதைப் பழைய பேட்டரின்னே எடுத்துக்கிட்டு மெசேஜ் காட்டாதுன்னு ஒரு டெக்னீஷியன் சொல்றார். அது எனக்குச் சரியாப் படல, வாங்குறவரை ஏமாத்துற மாதிரி இருக்கு.

விற்கிறதுக்கு முன்னாடி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல ஒரிஜினல் பேட்டரி போட்டா அந்தச் செலவு விலையில திரும்பி வருமா, இல்ல இப்படியே விற்கிறதுதான் லாபமா?