எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை ஒரே பள்ளி: சேர்க்கலாமா?

காவேரிக்கரை:
வணக்கம். முசிறியில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்குத் தொட்டியத்தில் வாழைத்தார் மண்டி. மகளை இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். இரண்டு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெட்ரிக் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. எல்.கே.ஜி.யில் நுழைந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே வரலாம் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். கட்டணம் 42,000 ரூபாய், வேனுக்கு மாதம் 1,500. வேன் காலை 7.20க்கு வந்துவிடும். இன்னொன்று எங்கள் தெருக்கோடியில் இருக்கும் நர்சரி பிரைமரி பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரைதான், 15,000 ரூபாய். மாமியார் கொல்லையில் நின்று கூப்பிட்டால் பிள்ளைக்குக் கேட்கும்.

"ஒரு தடவை அலைந்தால் போதும், பதினான்கு வருடத்துக்குக் கவலை விட்டது" என்கிறார் கணவர். ஆறாம் வகுப்பில் இடம் தேடி அவருடைய அக்கா நாலு பள்ளிக்கு நடையாய் நடந்ததைப் பார்த்தவர். என் அப்பா மின்வாரியத்தில் இருந்தார், நான் மூன்று ஊர்களில் மூன்று பள்ளிகளில் படித்தேன். ஒவ்வொரு முறையும் அழுதேன், ஒரு மாதத்தில் மறந்தும் போனேன். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பதினேழு வயது வரை இன்றே தீர்மானிப்பது எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது.

பள்ளியின் பெயர் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை ஒரே பள்ளியில் முழுக்கப் படிக்கவைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொல்லிமலைக்காரன்:
சகோதரி, நான் முழுக்கப் படிக்கவைக்கப் பார்த்தவன். உங்கள் கணவர் சொன்னதை 2010இல் நானும் சொன்னேன், ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.

பையன் அங்கே பன்னிரண்டு வருடம் படித்தான். 2022இல் பத்தாம் வகுப்பில் 371 மதிப்பெண். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு கேட்டுப் போனோம். 430க்கு மேல் இருந்தால்தான் என்றார்கள். வேண்டுமானால் வணிகவியல், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சொன்னவர் என் பையனுக்கு ஒன்றாம் வகுப்பில் ஷூ கயிறு கட்டிவிட்ட மனிதர். அன்றைக்கே வெளியூர்ப் பிள்ளை ஒன்று 487 மதிப்பெண்ணோடு வந்தது. அதற்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே அவர்களையும் உட்கார வைத்திருந்தார்கள், அதனால் எல்லாம் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து எல்.கே.ஜி. குரூப் போட்டோவை எடுத்து எண்ணினேன். அதில் 58 குழந்தைகள். பின்னால் விசாரித்துப் பார்த்ததில் அங்கேயே பிளஸ் டூ எழுதியவர்கள் 17 பேர்தான். ஆனால் அந்த வருடம் அந்தப் பள்ளியில் பிளஸ் டூ எழுதியவர்கள் இருநூற்றுக்கும் மேல். அதாவது ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. ஒன்றில் கட்டணம் கட்டுகிறவர்களும் மற்றதில் மாநில அளவில் மதிப்பெண் எடுக்கிறவர்களும் வேறு வேறு ஆட்கள்.

எனவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "போன வருடம் இங்கே பிளஸ் டூ எழுதியவர்களில் எத்தனை பேர் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கேயே படித்தவர்கள்?" கேட்டதும் முகத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தையும், பதினொன்றிலேயே பன்னிரண்டையும் நடத்துவது பழைய பழக்கம். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான், ஆனால் பழைய வேலையை ஆரம்பிக்கிறவர்கள் ஆரம்பிப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எவரையாவது பிடித்து, ஜனவரி மாதம் எந்தப் புத்தகத்தைப் படித்தாய் என்று கேளுங்கள். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை.

பையன் அரசுப் பள்ளியில் உயிரியல் படித்து இப்போது வேளாண்மை படிக்கிறான். நானாக அழைத்துப் போயிருக்க மாட்டேன், தள்ளிவிட்டதால் போனோம்.

சாக்பீஸ்:
அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதிய தம்பியின் கோபம் நியாயம். இருந்தாலும் ஒரே வளாகத்தில் ஒரு நன்மை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் வகுப்பு டீச்சர் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் டீ குடிக்கும்போது, "அந்தப் பெண்ணுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, முன்னால் உட்கார வையுங்கள்" என்று சொல்லிவிடுவார். பள்ளி மாறும்போது அந்தத் தகவல் டி.சி.யில் வராது. ஆனால் அதற்கு அந்த டீச்சர் அங்கே நாலு வருடம் நிலைத்திருக்க வேண்டும். வருடா வருடம் ஆசிரியர்கள் மாறும் பள்ளியில் கட்டடம் மட்டும்தான் பிள்ளையை அறிந்திருக்கும்.

அம்மா, பள்ளிக்குப் போனால் முதலில் மழலையர் வகுப்பு எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் போனார்களே, அங்கேயும் ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நடந்தன. அன்று மாலை எங்கள் பள்ளியில் மணி அடிக்காமலேயே பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். இன்றும் எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் என் கண் மாடிப்படியின் அகலத்தைத்தான் அளக்கும். சின்னப் பிள்ளைகள் தரைத்தளத்தில் இருக்க வேண்டும், வெளியே வர இரண்டு வழிகள் இருக்க வேண்டும்.

அடுத்து அங்கீகார ஆணை. பலகையில் பன்னிரண்டு வரை என்று இருக்கும், ஆணையில் எதுவரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தை அரசின் கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையையும் உங்களிடம் கேட்ட தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தரும் 25 சதவீத இடம் பற்றி யாரோ உறவினர் உங்களிடம் சொல்லக்கூடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அந்த இடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அந்த வருடம் டி.சி. கேட்டு நிற்கும் தகப்பன்மார்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக, ஆறாம் வகுப்பை இன்றே பூட்டிவிடாதீர்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம், கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் எல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தார்களா என்றுதான் பார்க்கின்றன. இரண்டாவது திட்டம் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, முதலாவது இல்லை. இதற்காகவே பிள்ளையை அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிவில் ஒரு வாசல் இருக்கிறது, அது திறந்தே இருக்கட்டும்.

தக்காளி:
எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பள்ளியில் படித்தவள் பேசுகிறேன். யூ.கே.ஜி. ஆண்டு விழாவில் எனக்குத் தக்காளி வேடம். பதினேழு வயதில் பிரிவுபசார விழாவில் மேடைக்கு அழைக்கும்போதும் "தக்காளி" என்றுதான் கூட்டமே கத்தியது. இயற்பியல் ஆசிரியர் கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரே பள்ளியில் இருந்தால் நான்கு வயதில் நீ யாராக இருந்தாயோ அதுவாகவே வைத்திருப்பார்கள். ஐந்தாம் வகுப்பில் "கணக்கு வராது" என்று ஒருமுறை பேர் வாங்கினால் அதுவும் கூடவே மேலே ஏறி வரும். கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குக் கணக்கு வரும் என்று எனக்கே தெரிந்தது.

ஆனால் என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள் அந்த எல்.கே.ஜி. கூட்டம்தான் அக்கா. அதையும் மறைக்கக் கூடாது.

வேன் பற்றி யாரும் பேசவில்லை. 7.20க்கு வேன் என்றால் பிள்ளை 6.15க்கு எழ வேண்டும். மாலையில் தூங்கிக்கொண்டேதான் இறங்குவாள்.

காவேரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இருவரும் அந்தப் பள்ளிக்குப் போனோம். மழலையர் வகுப்பு தரைத்தளத்தில்தான், இரண்டு வழிகள் இருக்கின்றன, படிக்கட்டும் அகலம். அங்கீகார ஆணையைக் கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள். இவ்வளவும் நன்றாக இருந்ததால் எனக்கே மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

பிறகு எல்.கே.ஜி. கணக்கைக் கேட்டேன். "அப்படி எல்லாம் நாங்கள் பிரித்து வைப்பதில்லை மேடம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். வெளியே வரும்போது வாசலில் போன வருட ஃபிளெக்ஸ், முதல் ஆறு மாணவர்களின் படங்களோடு. வாட்ச்மேன் அங்கே இருபது வருடமாக இருப்பவராம். அவரிடம் கணவர் சும்மா பேச்சுக்கொடுத்தார். ஆறில் ஒரு பெண்தான் சின்ன வகுப்பிலிருந்து அங்கே படித்தவள், மற்ற ஐந்து பேரும் விடுதிப் பிள்ளைகள், பதினொன்றில் வந்தவர்கள் என்றார் அவர். மண்டியில் தார் எண்ணுகிற மனிதர் இல்லையா, வண்டியைக் கிளப்பாமல் அந்த ஃபிளெக்ஸையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருக்கோடிப் பள்ளிக்கு நாளை போகிறோம். அங்கே ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேட்பதாக இருக்கிறேன். 500 ரூபாய் கொடுத்து வாங்கிய மெட்ரிக் பள்ளி விண்ணப்பம் இன்னும் டிவிக்கு மேலேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.