பழைய பிரவுனிங் ஆட்டோ-5 துப்பாக்கி: பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரின் கொட்டகையில் வருடக்கணக்கில் கிடந்த 12 கேஜ் (குழல் அளவு) பிரவுனிங் ஆட்டோ-5 ஷாட்கன் இப்போது என்னிடம். ஜான் பிரவுனிங் 1900-ல் காப்புரிமை வாங்கிய அதே கூன் முதுகு டிசைன், பெல்ஜியத்தில் செய்தது.

உள்ளே தோட்டா இல்லை என்று விரல் விட்டே பார்த்துவிட்டேன். முன்கட்டையும் குழலும் கழன்றுவிட்டன. பிரச்சினை தோட்டாக்கள் நிற்கும் மேகசின் குழாயில்தான். பழைய எண்ணெய் கருப்புப் பிசினாக இறுகி, வெண்கல உராய்வு வளையம் அசையவே மாட்டேன் என்கிறது. சுட்டதும் குழலும் அதன் பின்புறத்தை மூடும் போல்ட்டும் சேர்ந்தே பின்னால் ஓடும் துப்பாக்கி இது; அந்த வளையம்தான் பிரேக். அதனால் தட்டிக் கழற்றப் பயமாக இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விடலாமா, வேறு ஏதாவது நல்லதா?

அப்புறம், எஃகு வளையம் மேகசின் குழாய் மேலுள்ள ஸ்பிரிங்குக்குப் பின்னால், ரிசீவரை (துப்பாக்கியின் நடு உடலை) ஒட்டி இருக்கிறது. லேசான தோட்டாவுக்கு அப்படித்தான், சரி. கனமானதற்கு முன்னால் மாற்றும்போது அதன் சரிவுப் பக்கம் வெண்கலத்தைப் பார்த்துத்தானே?

பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் ஸ்க்ரூ வெட்டெல்லாம் நூல் மாதிரி மெல்லிசு, சாதா ஸ்க்ரூடிரைவர் போட்டால் சிதைந்துவிடும். என்ன முனை வாங்கலாம்? இல்லை, அந்தப் பகுதியை மட்டும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே மேலா?