ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லாகிவிட்டன, என் விதிகளில் எது தப்பு?

குற்றியலுகரம்:

ஒரு வருடமாகப் பொழுதுபோக்காக ஒரு மொழியைக் கட்டி வருகிறேன். பெயர் கெலூன். 340 சொற்கள் சேர்ந்துவிட்டன. வினை கடைசியில் வரும், ஒட்டுகள் எல்லாம் பின்னால் சேரும். இதுவரை நன்றாகத்தான் போனது. தானாக வளர்ந்த மொழி போல இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு ஒலிவிதிகளைப் புகுத்தியதும் மாட்டிக்கொண்டேன்.

விதி 1: சொல்லின் கடைசியில் வரும் இ விழுந்துவிடும்.
விதி 2: இ-க்கு முன்னால் வரும் த், ச் ஆகிவிடும்.

பன்மை ஒட்டு -இ. 'லகத்' என்றால் வீடு. வீடுகள் என்று சொல்ல லகத் + இ. முதல் விதிப்படி இ விழுகிறது, மிச்சம் லகத். ஆக வீடும் லகத், வீடுகளும் லகத்! இரண்டாம் விதிக்கு வேலையே இல்லை. 'நிமல்' (பறவை) கதையும் இதேதான்.

பன்மை ஒட்டையே தூக்கிவிட்டு வேறு வைக்கலாமா? அந்த -இ எனக்கு மிகவும் பிடித்தது, அதுதான் தயக்கம். கூடவே இன்னொரு சந்தேகம்: லகத் + இரோ (கதவு) என்று தொகைச்சொல் கட்டினால் லகதிரோ வருமா, லகசிரோ வருமா?

வேர்ச்சொல்:

ஒட்டை மாற்றிவிடுங்கள், தலைவலி தீரும். 1887இல் ஸாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோவைப் பாருங்கள். ஹுண்டோ என்றால் நாய், ஹுண்டோய் என்றால் நாய்கள். எந்தப் பெயர்ச்சொல்லிலும் அந்த 'ய்' அப்படியே ஒட்டும். விதிவிலக்கும் இல்லை, ஒலி மாற்றமும் இல்லை.

ஆய்தம்:

எஸ்பெராந்தோ யாரும் எளிதில் கற்கவேண்டும் என்று செய்தது. கேட்டவர் வேண்டுவது பழமை ஏறிய மொழி. இரண்டுக்கும் ஒரே மருந்து ஆகாது.

உங்கள் விதிகள் இரண்டுமே சரி. வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் த்-ஐ ச் ஆக்குங்கள், அதற்குப் பிறகு இ-யை விழச்செய்யுங்கள்:

லகத் + இ → லகசி → லகச்

ஒருமை லகத், பன்மை லகச். -இ காணாமல் போனாலும் அது வந்துபோன தடம் மெய்யில் நிற்கிறது. வெறும் ஒட்டைவிட இது அழகு என்பேன்.

இது காகிதத்தில் மட்டும் நடக்கும் வித்தையோ என்று நினைக்கவேண்டாம், தினமும் நாம் வாயால் செய்வதுதான். 'பத்து' பேச்சிலும் பத்துதான். ஆனால் 'வைத்து' வச்சு ஆகிறது, 'ஐந்து' அஞ்சு ஆகிறது. அங்கே த-வை ச ஆக்கியது முன்னால் இருந்த ஐ. அப்புறம் அந்த ஐ தேய்ந்து அ ஆகிவிட்டது. 'வச்சு' என்பதை மட்டும் கேட்கிறவருக்கு அங்கே ச ஏன் வந்தது என்பதற்குச் சொல்லுக்குள் காரணமே கிடைக்காது. முதலில் ஐ தேய்ந்திருந்தால் 'வத்து' என்றல்லவா சொல்லிக்கொண்டிருப்போம்? ஆங்கிலத்தில் ஃபுட், ஃபீட் என்று உயிர் மாறுவதும் இதே மாதிரிதான்: பன்மையில் முன்பு கடைசியில் ஓர் இ இருந்தது, அது முந்தைய உயிரைத் தன் பக்கம் இழுத்துவிட்டுப் பிறகு விழுந்துபோனது.

ஆகவே ஒலிவிதிகளை இலக்கணக் குறிப்பு போல எழுதாமல், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று காலவரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மேலிருந்து கீழே அந்த வரிசையில் ஓட்டுங்கள். நடுவில் குதிக்கக்கூடாது.

நிமல் விஷயம்: அதில் த் இல்லை, அதனால் தடமும் விழாது. இடத்தைக் காட்டும் வேற்றுமை ஒட்டு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

குற்றியலுகரம்:

இருக்கிறது, -ரு. பன்மை ஒட்டுக்குப் பின்னால் வரும்.

அட, இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன். நிமல் + ரு = நிமல்ரு. பன்மையில் நிமல் + இ + ரு = நிமலிரு. இங்கே இ கடைசியில் இல்லை, அதனால் விழவில்லை! லகத்ரு, லகசிரு என்றும் வருகிறது.

ஆய்தம்:

அதற்காகத்தான் கேட்டேன். தனியாக நிற்கும்போது மட்டும் பறவைக்கும் பறவைகளுக்கும் ஒரே வடிவம், ஒட்டு சேர்ந்தால் பிரிந்துவிடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். 'நாலு ஆடு' என்று சொல்லும் நமக்கு இது புதிதா என்ன?

இல்லை, கட்டாயம் பிரியத்தான் வேண்டும் என்றால், பிற்காலத்தில் மக்கள் இன்னொரு பன்மை ஒட்டை மேலே போட்டார்கள் என்று வையுங்கள். 'அவர்' முன்பு பலரைக் குறித்தது. மரியாதைக்காக ஒருவரையே அவர் என்று சொல்லத் தொடங்கியதும் பலருக்கு 'அவர்கள்' தேவைப்பட்டது. பன்மைக்கு மேல் பன்மை.

தொகைச்சொல்லுக்கு: லகதிரோ. ஒட்டு சேரும் இடத்தில் நடக்கும் எல்லாம் இரண்டு முழுச் சொற்கள் சேரும் இடத்திலும் நடக்கவேண்டியதில்லை. வைத்து வச்சு ஆனாலும், மழைத்தண்ணியில் அதே ஐக்குப் பின்னால் த அசையாமல் நிற்கிறது பாருங்கள்.

குற்றியலுகரம்:

லகதிரோ என்றே குறித்துக்கொண்டேன். ஆனால் புதுத் தலைவலி. சில வேர்ச்சொற்களே இ-யில் முடிகின்றன. 'பெதி' என்றால் ஆறு. புது வரிசைப்படி பெதி → பெசி → பெச். ஒருமையே பன்மை வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறது. பன்மையும் பெச்தான்.

ஆய்தம்:

இதைச் சரிசெய்துவிடாதீர்கள்! உங்கள் மொழி பேசுகிற குழந்தை லகத்–லகச் என்று கேட்டுப் பழகியது. பெச் என்றதும் அதைப் பன்மை என்றே எடுத்துக்கொள்ளும், ஒருமையைத் தானே 'பெத்' என்று வெட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பட்டாணிக்குப் 'பீஸ்' என்பதே ஒருமையாக இருந்தது. கடைசி ஒலியைப் பன்மை ஒட்டு என்று தப்பாக எண்ணி 'பீ' என்ற ஒருமையைப் படைத்துவிட்டார்கள். சொல்லாக்கத்தில் இதுவும் ஒரு வழி.

பழைய வடிவம் ஊர்ப்பெயர்களிலோ ஆற்றுப்பாட்டிலோ தங்கியிருக்கட்டும்.

ஒற்றளபெடை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தமிழ் எழுத்திலேயே இதை எழுதிப் பிறரிடம் காட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். நம் எழுத்தில் ச-வின் ஒலி இடத்தைப் பொறுத்தது. பச்சை என்பதில் ஒரு விதம், பஞ்சு என்பதில் ஒரு விதம், பசி என்பதில் இன்னொரு விதம். 'லகசிரு' என்று எழுதினால் எல்லாரும் பசியில் வருகிற மாதிரிதான் படிப்பார்கள். நீங்கள் நினைப்பது பச்சையில் வருவது என்றால் லகச்சிரு என்று எழுதவேண்டிவரும்.

சொல் கடைசியில் ச், த் நிற்பதும் நம் நாக்குக்குப் பழக்கமில்லை. கேக்கு, பஸ்ஸு மாதிரி ஓர் உ தானாக ஒட்டிக்கொள்ளும்.

குற்றியலுகரம்:

நேற்றுத் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன், 'லகத்து, லகச்சு' என்றுதான் படித்தான்! அவனைத் திட்டினேன், பாவம்.

340 சொற்களையும் புது வரிசையில் ஓட்டி முடித்தேன். த்-இல் முடிபவை 41, அத்தனையும் அழகாகப் பிரிந்தன. பெதி போன்றவை ஏழு. ஐந்துக்குப் புது ஒருமை வெட்டிவிட்டேன், இரண்டைப் பழையபடியே விட்டேன். பெதி இப்போது ஓர் ஆற்றின் பெயராக மட்டும் இருக்கிறது. தம்பியின் உ-வை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கெலூனின் தெற்கு வட்டாரத்தில் அப்படிப் பேசுகிறார்கள் என்று மூன்றாவது விதியாக எழுதிவைத்திருக்கிறேன்.