மாந்தோப்பில் ஒரு கூடை: புஷ்ஷா, ஸ்பின்னா?

மாந்தோப்பு:
காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பில் நாலு மாதமாக டிஸ்க் கோல்ஃப் பட்டிங் பழகுகிறேன். தெரியாதவர்களுக்கு: கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக்கூடை. கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் போடும் எறிதான் பட். அதற்கென்று உள்ள தட்டு பட்டர். (கடையில் "பட்டர் டிஸ்க் வருமா" என்று கேட்டேன், ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார்கள்.)

கூடை சொந்தத் தயாரிப்பு. பழைய சைக்கிள் ரிம் இரண்டு, மாட்டுச் சங்கிலி பத்து, நடுவில் ஒரு ஜிஐ பைப். வெல்டிங் பட்டறை அண்ணன் "கோழி மூடுற கூடையாப்பா?" என்று கேட்டுக்கொண்டே பற்றவைத்துக் கொடுத்தார். கூடை விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. இருக்க வேண்டும் என்று படித்தேன், அதை மட்டும் டேப் வைத்து அளந்தேன்.

இப்போது விஷயம். ஓசூரில் என்னோடு ஷிஃப்ட் பார்ப்பவர் கற்றுத் தந்தது ஸ்பின்: தட்டை மார்பு உயரத்தில் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி, நேராகத் தட்டையாக விடுவது. அப்புறம் யூடியூபில் புஷ் பார்த்தேன்: இடுப்புக்குக் கீழிருந்து, காலால் தள்ளி, அதிகம் சுழலாமல் மேலே ஏறி இறங்குவது. 5 மீட்டரில் இரண்டும் ஒன்றுதான், இருபதுக்குப் பதினாறு. 7 மீட்டருக்குப் போனால் ஸ்பின்னில் இருபதுக்கு ஒன்பது, புஷ்ஷில் பன்னிரண்டு. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புஷ்ஷுக்கே மாறிவிடலாமா?

பி.டி. வாத்தியார்:
தம்பி, நோட்டே பதில் சொல்லிவிட்டது. அப்புறம் எங்களை ஏன் கேட்கிறாய்? மாறிவிடு.

தருமபுரியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் குண்டு எறியச் சொல்லிக்கொடுத்தவன் நான். எறிதல் எதுவானாலும் சக்தி காலிலிருந்துதான் வரவேண்டும். புஷ் அதைத்தான் செய்கிறது. பின்கால் மேல் எடையை வை, முழங்காலைக் கொஞ்சம் மடக்கு, இடுப்பு முன்னே போகும்போது கை தானாக எழும். கடைசியில் விரல்கள் பூத் தூவுகிற மாதிரி விரிய வேண்டும். விரல் மூடியே இருந்தால் நீ கையால் இழுத்திருக்கிறாய் என்று அர்த்தம். பின்கால் தரையை விட்டு லேசாகத் தூக்குகிறதா பார், தூக்கினால் சரியாகப் போட்டிருக்கிறாய்.

இன்னொன்று. புஷ் தவறினால் தட்டு கூடைக்கு அடியிலேயே விழும். அடுத்த எறியைக் குழந்தைகூடப் போடும். ஸ்பின் தவறினால் பக்கத்துத் தோப்பில் போய்த் தேடு.

மணிக்கட்டு:
வாத்தியார் சார், நீங்கள் சொல்வதெல்லாம் கல்யாண மண்டபத்துக்குள் சரி. தம்பி எழுதியிருப்பது ஆனி மாதம். இன்னும் இரண்டு வாரத்தில் ஆடிக்காற்று. அம்மியே பறக்கும் என்கிறார்கள், 175 கிராம் பிளாஸ்டிக் என்ன ஆகும்?

சுழற்சி இல்லாத தட்டு காற்றில் நிற்காது. பம்பரம் வேகமாகச் சுற்றும்போது அசையாமல் நிற்கிறது, வேகம் குறைந்ததும் தலையை ஆட்டுகிறது. அதே கதைதான். எதிர்க்காற்றில் தட்டின் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கியிருந்தாலும் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கிக்கொண்டு போகும். பின்காற்றில் அமுங்கிக் கூடைத் தொட்டியின் வெளிப்பக்கம் இடிக்கும். புஷ் அந்தரத்தில் இருக்கும் நேரம் அதிகம், காற்று அதைத் தொட்டு விளையாடும் நேரமும் அதிகம். நான் ஓசூரில் திறந்த மைதானத்தில் போடுகிறேன், அங்கே புஷ் போட்டு நான் அழாத நாள் கிடையாது.

கேழ்வரகுக்களி:
ரெண்டு பேரும் ஏன் சண்டை? குதித்துப் போடுங்கள். ஓடி வந்து ஒரு தாவு, 7 மீட்டர் 5 மீட்டர் ஆகிவிடும். நான் அப்படித்தான் போடுகிறேன், பாதிக்கு மேல் விழுகிறது.

மணிக்கட்டு:
களி அண்ணா, விழும், ஆனால் செல்லாது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று போட்டால், போட்ட பிறகு சமநிலையோடு நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே நகரலாம். இது தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதி. 10 மீட்டருக்கு வெளியே போட்டால் எறிந்த வேகத்தில் முன்னே போகலாம். அங்கேயும் தட்டு கையை விடும் நேரத்தில் கால் தன் இடத்தில் இருக்க வேண்டும், தாவி அந்தரத்தில் விட முடியாது.

கேழ்வரகுக்களி:
நம்ம கொல்லையில் எந்தச் சங்கம் வந்து பார்க்கப்போகிறது. சரி சரி, விட்டுவிட்டேன்.

பி.டி. வாத்தியார்:
காற்று காற்று என்று பயமுறுத்துகிறார்கள். ரிக்கி வைசாக்கி 2016, 2017 இரண்டு வருடமும் உலக சாம்பியன். அவர் தட்டு எவ்வளவு மேலே ஏறி இறங்குகிறது என்று வீடியோவில் பாருங்கள். அமெரிக்காவில் காற்றே அடிக்காதா?

மணிக்கட்டு:
பார்த்தேன் சார். ஏறி இறங்குவது உண்மை. ஆனால் வீடியோவை மெதுவாக ஓட்டுங்கள், தட்டு நன்றாகச் சுழல்கிறது. காலால் தள்ளுகிறார், விரலால் சுண்டவும் செய்கிறார். பெரிய ஆட்டக்காரர்களில் சுத்தமான புஷ் போடுகிறவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவரை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள், பொதுவேட்பாளராக வைத்துக்கொள்வோம்.

அப்புறம், தோப்பு என்பதை மறந்துவிட்டீர்கள். பெங்களூரா மரமா தம்பி? ஆனியில் காய் கனத்தில் கிளை தலைக்கு மேல் கை எட்டும் உயரத்துக்கு வந்து நிற்குமே. ஏறி இறங்கும் தட்டு அதில்தான் போய் முட்டும்.

மாந்தோப்பு:
பெங்களூராதான் அண்ணா. முட்டுகிறது. போன வாரம் புஷ் ஒன்று கொத்தில் பட்டு மூன்று காய் விழுந்தது. ஃபேக்டரிக்கு எடை போட்டுக் கொடுக்கிற காய், அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அந்த வரிசையை விட்டுவிட்டு வரப்போரம்தான் இப்போது போடுகிறேன்.

அதியமான்கோட்டை:
கட்சிச் சண்டைக்கு நடுவில் ஒரு கேள்வி கேட்கலாமா? ஸ்பின்னில் தவறிய பதினொன்று எங்கே போனது என்று நோட்டில் இருக்கிறதா தம்பி? கூடையைத் தொடாமல் போனது எத்தனை, சங்கிலியில் பட்டும் நிற்காதது எத்தனை?

மாந்தோப்பு:
எழுதவில்லை அக்கா. இன்று மறுபடி இருபது போட்டேன், பதினொன்று தவறியது. அதில் நாலு சுத்தமாக வெளியே. ஏழு சங்கிலியில் பட்டது: ஐந்து ஊடே புகுந்து பின்பக்கம் போய்விட்டது, இரண்டு பைப்பில் அடித்துத் திரும்பி வந்துவிட்டது.

அதியமான்கோட்டை:
அதானே பார்த்தேன். நீ பாணியைச் சோதிக்கவில்லை, உன் கூடையைச் சோதித்திருக்கிறாய்.

கணக்குப் போடு. சைக்கிள் ரிம் குறுக்களவு சுமார் 60 செ.மீ. என்றால் சுற்றளவு 190க்குப் பக்கம். பத்துச் சங்கிலி மாட்டினால் மேலே இடைவெளி 19 செ.மீ. பட்டர் குறுக்களவு 21. இந்த இரண்டு செ.மீ. வித்தியாசத்தில் வேகமாக வரும் தட்டை யார் பிடிப்பது? ஒரு சங்கிலியை ஒதுக்கினால் வழி திறந்துவிடும். மெதுவாக வரும் புஷ் அதே சங்கிலியில் பட்டு அப்படியே தொட்டியில் விழுந்துவிடும்.

சங்கிலி அழகுக்குத் தொங்குவதில்லை. ஆரம்பத்தில் மரம், கம்பம் என்று எதையாவது குறிவைத்துத்தான் ஆடினார்கள். பட்டதா இல்லையா என்று சண்டை வரும். எட் ஹெட்ரிக் என்பவர் சங்கிலி தொங்கும் கம்பம் செய்து 1977இல் காப்புரிமை வாங்கினார். தட்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு அதைக் கீழே விடுவதுதான் சங்கிலியின் வேலை. நல்ல கூடைகளில் வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று என்று தொங்குவது அதற்காகத்தான். வெளிச்சுற்றைத் தாண்டி வந்ததை உள்சுற்று பிடிக்கும். உன் கூடையில் உள்சுற்றே இல்லை, நேராகப் பைப்தான். திரும்பி வராமல் என்ன செய்யும்?

மணிக்கட்டு:
அக்கா, கோயில் கட்டிக் கும்பிடலாம் உங்களை. அந்த ஏழையும் சேர்த்தால் ஸ்பின் பதினாறு.

அதியமான்கோட்டை:
ஏழும் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லையே. ஓரத்தில் வேகமாகப் படும் ஸ்பின்னை நல்ல கூடையும் துப்பும். சாதாரணமாகப் பாதி என்று வை.

பி.டி. வாத்தியார்:
அம்மா, கணக்கு சரி. ஆனால் கூடையைப் பார்த்து ஆட்டத்தை மாற்றுவதா, கை வாகைப் பார்த்து மாற்றுவதா? இவன் ஸ்பின்னை நாலு மாதம் போட்டு ஒன்பது. புஷ்ஷை எத்தனை நாள் போட்டுப் பன்னிரண்டு?

மாந்தோப்பு:
மூன்று வாரம் சார்.

பி.டி. வாத்தியார்:
கேட்டீர்களா?

அதியமான்கோட்டை:
கேட்டேன் சார், அது உங்கள் பக்கத்தில் இருக்கும் நல்ல வாதம், மறுக்கவில்லை. ஆனால் இருபது எறியில் மூன்று வித்தியாசம் நாளைக்கே தலைகீழாகும். தம்பி, பின்லாந்தில் ஒரு பயிற்சி ஆடுகிறார்கள். 10 மீட்டரில் ஐந்து தட்டு போடு. ஐந்தும் விழுந்தால் அடுத்த சுற்றும் 10 மீட்டரில், நாலு விழுந்தால் 9, மூன்று என்றால் 8, ஒன்றும் விழாவிட்டால் 5. ஒவ்வொரு சுற்றிலும் விழுந்த எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கிக்கொள். இருபது சுற்று, மொத்தம் நூறு எறி. எல்லாம் 10 மீட்டரில் விழுந்தால் 1000. ஒரு நாள் முழுக்க ஸ்பின், மறுநாள் முழுக்க புஷ். அதற்கு முன்னால் கூடையைச் சரி செய்.

மாந்தோப்பு:
என்னிடம் இருப்பது இரண்டு தட்டு அக்கா. இரண்டு போட்டுவிட்டு நடந்து போய் எடுத்து வரவேண்டும்.

மணிக்கட்டு:
அதுவும் நல்லதுதான். ஐந்தை அடுத்தடுத்து விட்டால் மூன்றாவதுக்குள் கை பழகிவிடும், பிறகு விழுவதெல்லாம் ஓசி. ஆட்டத்தில் உனக்குக் கிடைப்பது ஒரே எறி. நடந்து போய் வந்து, புதிதாக நின்று, ஒரு சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைப் பார்த்துப் போடு. மொத்தக் கூடையைப் பார்த்தால் தட்டு மொத்தமாகத்தான் போகும்.

கேழ்வரகுக்களி:
இதையாவது நான் ஒத்துக்கொள்கிறேன்.

மாந்தோப்பு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சந்தையில் இன்னும் பத்துச் சங்கிலி வாங்கினேன். "எத்தனை மாடு தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார், பதில் சொல்லவில்லை. நாலு வெளிச்சுற்றில், ஆறு உள்ளே சின்ன வளையம் வைத்து. பட்டறை அண்ணன் இந்த முறை காசு வாங்கவில்லை, அவரும் மூன்று போட்டுப் பார்த்தார், ஒன்று விழுந்தது.

அக்கா சொன்ன கணக்கில் ஸ்பின் 371, புஷ் 388. காற்று அடித்த சாயங்காலம் மறுபடி போட்டதில் ஸ்பின் 340, புஷ் 265. தட்டு பைப்பில் அடித்துத் திரும்புவது நின்றுவிட்டது.

இப்போது வாத்தியார் சார் சொன்னபடி காலால் தள்ளி, கடைசியில் மட்டும் மணிக்கட்டைக் கொஞ்சம் சுண்டுகிறேன். இதற்குப் பெயர் என்ன என்று தெரியவில்லை. 7 மீட்டரில் பதின்மூன்று விழுந்தது, உயரமும் அவ்வளவு போகவில்லை, காயும் விழவில்லை.

பி.டி. வாத்தியார்:
அதற்குப் பெயர் புஷ்.

மணிக்கட்டு:
சார்!

அதியமான்கோட்டை:
காய் பறிப்பு எப்போது முடிகிறது தம்பி?

மாந்தோப்பு:
அடுத்த வாரம் அக்கா. பறித்ததும் கிளை ஒரு முழம் மேலே போய்விடும்.

பி.டி. வாத்தியார்:
அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். என்னிடம் மூன்று பட்டர் இருக்கிறது, உன் இரண்டோடு சேர்த்தால் ஐந்து. மணிக்கட்டையும் ஓசூரிலிருந்து வரச்சொல்.